லிஃப்ட் மேல் உதிர்ந்த பஞ்சு

புதிதாக லிஃப்ட் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லிப் பயிற்சிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்துப் பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் நான் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு ஷாஃப்ட் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீண்ட இருட்டுக்குள் நம்மை யாரும் பார்ப்பதில்லை.

முழங்கால் தேய்ந்துபோய் வேலையை விட்டுவிட்ட பிறகு எழுதலாம் என்று தோன்றியது. எழுதும்போதும் யாரும் பார்ப்பதில்லை.

மோட்டார், கயிறு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். நிரூபிக்க வழியில்லாத சந்தேகம். வாயைத் திறந்து சொன்னால் சிரிப்பார்கள் என்று நமக்கே தெரிந்த சந்தேகம்.

அதற்கு முன் நம் வேலையின் ஒரு வழக்கம். எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் எந்த மெக்கானிக்கும் மீறமாட்டார். பழுது பார்த்து முடித்ததும் "சரியாயிடுச்சு" என்று யார் சொல்கிறாரோ, அவர்தான் முதலில் ஏறி ஒரு சுற்று போய் வர வேண்டும். அவர் இறங்கி வந்த பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராயப்பேட்டையில் ஒரு பழைய உயரமான அலுவலகக் கட்டடம். எங்கள் கம்பெனிக்கு அங்கே பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. ஒரே ஷாஃப்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். கட்டடத்தின் கீழ்ப்பகுதி கான்கிரீட். மேல் மாடிகளைப் பிற்பாடு இரும்பு உத்தரங்கள் வைத்து ஏற்றியிருந்தார்கள். ஆடிட்டர் அலுவலகம், கோச்சிங் கிளாஸ், வக்கீல்கள் என்று நாள் முழுக்கக் கூட்டம். மேல் மாடிகளை மட்டும் காலி செய்து, புதிதாக வரப்போகும் கம்பெனிக்காக உடைத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டில் ஒரு லிஃப்டில் ஸ்டெல்லாக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். லிஃப்ட் ஆபரேட்டர். சாந்தோம் பக்கத்துக் குடும்பம். அக்காமார் இரண்டு பேரும் டீச்சர். "டீச்சருங்க வீட்டுல நான் ஒருத்திதான் மேல போயி மேல போயி கீழ வர்ற ஆளு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாதம் சர்வீசுக்கு நானும் அப்பாஸ் பாயும் போனோம். அப்பாஸ் பாய் என் கூட்டாளி. மீர்சாகிப்பேட்டைக்காரர். நான் பேசாத பேச்சையெல்லாம் எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"வாங்க, வாங்க. டாக்டருங்க வந்துட்டாங்க" என்றார் ஸ்டெல்லாக்கா. "லிஃப்டுக்கு மட்டும் மாசாமாசம் டாக்டர் வருது. என்னை யாரு பார்க்கிறாங்க?" சொல்லிவிட்டு இருமினார்.

"இன்னாக்கா, தலையெல்லாம் வெள்ளையா கீது?" என்றார் அப்பாஸ் பாய்.

"கோச்சிங் கிளாஸ் பசங்களும் அதான் கேக்குதுங்க. ஊட்டிக்குப் போயிட்டு வந்தீங்களா அக்கான்னு. மேல இன்னாவோ சுரண்டுறாங்க, அதான் உதிருது. தினம் சாயங்காலம் தலைய உதறிட்டுத்தான் பஸ் ஏறுறேன்."

அவர் தலைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கூண்டின் கூரையில் இருக்கும் விசிறி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஷாஃப்டில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துக் கீழே தள்ளும். இது உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூண்டின் கூரைமேல் ஏறியதும்தான் பார்த்தேன். இவ்வளவு வருஷத்தில் ஷாஃப்டுக்குள் எல்லா விதமான அழுக்கையும் பார்த்திருக்கிறேன். கரப்பான், புறா எச்சம், பான்பராக் உறை, ஒருமுறை ஒரு தாலிக்கயிறு. இது வேறு. சாம்பல் கலந்த வெள்ளையில், பஞ்சு மாதிரி. கூரை முழுக்கப் படிந்திருந்தது. கூண்டு ஏறி இறங்கும் இரும்பு ரெயிலில் தடவிய கிரீஸில் ஒட்டிக்கொண்டு பஞ்சுமிட்டாய் போல நின்றது. டார்ச்சைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் போகும் வழியெல்லாம் மெல்லிய இழைகள் மிதந்தன. கீழே விழாமல், போகவும் செய்யாமல், அப்படியே.

அப்பாஸ் பாய் வழக்கம்போல சுவிட்ச் மேல் இருந்ததை வாயால் 'ஃபூ' என்று ஊதினார். பிறகு பையிலிருந்து தூசி ஊதும் பிளோயரை எடுத்து வயரைச் செருகப் போனார்.

"பாய், வேணாம்" என்றேன்.

"ஏன்? ரெண்டு நிமிசத்துல கூரையைத் துடைச்சு வெச்ச மாதிரி ஆக்கிடுறேன்."

"வேணாம். இது இன்னான்னு தெரியல."

"குப்பை நைனா. குப்பைக்கு ஜாதகம் பாக்குறியா?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். முன்பு அடையாறில் ஒரு பழைய லிஃப்டுக்கு பிரேக் கட்டை மாற்றும்போது, அதன் தூசியை ஊதப் போன என்னைப் பார்த்து ஒரு இன்ஜினியர் கத்தினார். ஊதாதே, அது ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, என்ன செய்தது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரியும், ஈரத் துணியால் துடை என்றார். அவ்வளவுதான் என் படிப்பு. பிரேக் கட்டைக்கும் இந்தப் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிளோயரை வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.

கேட்டுவிடலாம் என்று மேல் மாடிக்குப் போனேன். அங்கே ஆட்கள் சாரத்தில் நின்று இரும்பு உத்தரத்தை இரும்புத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உத்தரத்தில் கனமாக அப்பியிருந்த பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. புதுக் கதவு வைப்பதற்காக ஷாஃப்ட் பக்கத்துச் சுவரை உடைத்துத் திறந்து வைத்திருந்தார்கள். வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். சிலர் அதுவும் கட்டவில்லை.

சிவில் வேலைக்கு சூப்பர்வைசர் தினேஷ் என்ற இளைஞன். உள் அறையிலிருந்து வெளியே வந்தான். அவன் முகத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றித் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"என்னண்ணே, லிஃப்ட் சர்வீசா?"

"இது இன்னா தம்பி, உதிர்றது?"

"கிளாஸ் ஊலுண்ணே. ஏசி டக்டுக்கெல்லாம் சுத்துவாங்கல்ல, அதான். ஒண்ணும் பயமில்ல."

நான் தலையாட்டினேன். சந்தேகம் அங்கேதான் கெட்டியானது. ஏசி காற்று போகும் டக்டுகளுக்குப் பக்கத்தில் எத்தனையோ தடவை வேலை செய்திருக்கிறேன். கிளாஸ் ஊல் பட்டால் ராத்திரி முழுக்கக் கை அரிக்கும். இந்தப் பஞ்சு அரை மணி நேரமாகக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, துளிகூட அரிக்கவில்லை. அரிக்காத கிளாஸ் ஊலை நான் பார்த்ததே இல்லை.

படி வழியாக இறங்கினேன். இரண்டு பேர் எனக்கு முன்னால் குப்பை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. படியெல்லாம் ஈரம். சுமக்கிற குப்பையை யாராவது நனைத்து மூட்டை கட்டுவார்களா? கனம்தானே கூடும்? ஈரத் துணியால் துடை என்று அந்த இன்ஜினியர் கத்தியது திரும்பக் காதில் விழுந்தது. வெளியே ஜனங்கள் பார்க்கிற இடத்தில் பறக்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். உள்ளே சுரண்டும்போது அந்த நினைப்பு இல்லை.

இன்னும் இரண்டு மாடி இறங்கியதும் பில்டிங் மேனேஜர் ராகவன் சார் எதிரே ஏறி வந்தார். மயிலாப்பூர்க்காரர். ரிட்டயர் ஆகும் வயது. ஒரு மாடிக்குக்கூட லிஃப்டுக்காகக் காத்து நிற்பவர் என்று ஸ்டெல்லாக்கா கிண்டல் செய்வார். அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு படியில் வந்தார்.

"என்ன சார், படியில?"

"இப்பெல்லாம் படிதான்ப்பா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

 இவருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும். தெரியாதவர்கள் சாரத்தில் நிற்கும் பிள்ளைகளும், விசிறிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியும்தான்.

திரும்ப மேலே ஏறி, மோட்டார் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய் இரண்டு லிஃப்டின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, அதன்மேல் என் பூட்டைப் போட்டேன். ஒரு மெக்கானிக் போட்ட பூட்டை வேறு யாரும் கழற்றக் கூடாது என்பது நம் வேலையில் எல்லாருக்கும் தெரியும்.  சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பாஸ் பாய் அறிவிப்புப் பலகையையும் சாக்பீஸையும் நீட்டினார். "இன்னா காரணம் எழுதப்போற? கயிறு தேஞ்சுபோச்சுன்னு எழுது. கயிறுன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

உண்மையாகவே எழுதப் போனேன். 'க' போட்டுவிட்டேன்கூட. அது எவ்வளவு வசதியான பொய் என்று யோசித்துப் பாருங்கள். யாரிடமும் பேச வேண்டாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் கயிறு என்று எழுதினால் என்ன நடக்கும்? கம்பெனி புதுக் கயிற்றையும் நாலு ஆட்களையும் அனுப்பும். அவர்கள் கூரைமேல் ஏறுவார்கள். முதல் வேலையாக பிளோயரை எடுப்பார்கள். பொய்யான காரணம் எழுதினால் அதற்கான வைத்தியம்தான் வரும். இதை எப்போதும் யோசித்துவிட்டுப் பலகையில் எழுதுங்கள்.

'க'வை அழித்துவிட்டு எழுதினேன்: மேலே உதிர்வது என்னவென்று தெரியும்வரை லிஃப்ட் ஓடாது.

அப்பாஸ் பாய் படித்துப் பார்த்தார். "நீ எதுக்கும் பேச மாட்டே. பேசினா இப்பிடித்தான் வம்பா பேசுவே" என்றார். பலகையைக் கொண்டுபோய் மாட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, குழாயடிக்குப் போய் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார்.

ஸ்டெல்லாக்கா பலகையைப் படித்துவிட்டு என்னைத் தனியாக இழுத்தார்.

"இன்னா சேகரு இது? கயிறா, மோட்டாரா, அத சொல்லு. உதிருதுன்னா இன்னா அர்த்தம்?"

"ஆஸ்பெஸ்டாஸா இருக்குமோன்னு சந்தேகம்க்கா. மூச்சுல போனா கெடுதல்."

"ஆஸ்பெஸ்டாஸா?" சிரித்துவிட்டார். "எங்க வீட்டு மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான்பா போட்டிருக்கு. எங்கம்மா காலத்துலேர்ந்து அதுக்குக் கீழதான் சமைக்கிறோம், சாப்புடுறோம்."

"ஷீட்டுல அது சிமெண்டோட இறுகிக் கிடக்குதுக்கா. அதையும் உடைக்காத வரைக்கும்தான். இது பறக்குது."

"உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா நிறுத்துன?" அவர் குரல் தாழ்ந்தது. அப்போதுதான் அவருக்குக் கோபம் என்பது எனக்குப் புரிந்தது. "ஓனரு போன மாசமே கேட்டாரு, பட்டன் அமுக்குறதுக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு. லிஃப்டு ஓடிக்கினு இருக்கிற வரைக்கும்தான் நான் இங்க. ரெண்டு வாரம் நின்னுச்சுன்னு வை, நான் இல்லாமலே நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும். உன் சந்தேகத்துக்கு என் வேலையா சேகரு?"

 இன்றுவரைக்கும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி யாராவது கேட்பார்கள். நாம் நிறுத்துகிற ஒவ்வொரு லிஃப்டிலும் யாருடைய பிழைப்போ மாட்டிக்கொண்டிருக்கும். நான் செய்தது ஒன்றுதான். சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே லாபி நிறைந்துவிட்டது. படியேறி இறங்கிய கோபம் எல்லார் முகத்திலும். எங்கள் ஆபீசிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஒப்பந்தம் போய்விடும் என்று மேலதிகாரி கத்துவது பக்கத்தில் நிற்பவர்களுக்கே கேட்டது. போனை அப்பாஸ் பாயிடம் கொடுத்தேன். அவர் "ஹலோ, ஹலோ, சிக்னல் கெடைக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

ராகவன் சார் வந்தார். பின்னாலேயே தினேஷ்.

"என்னப்பா சேகர், ரெண்டையும் நிறுத்திட்டு நிக்கறியாமே? ஆடிட்டர் ஆபீஸுக்கு வந்த பெரியவர் இறங்க முடியாம மேலயே உட்கார்ந்துண்டிருக்கார்."

"மேல உதிருது சார்."

தினேஷ் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். "கிளாஸ் ஊல் சார். அண்ணனுக்கு ஏதோ சந்தேகம். நான் சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எது முன்னால் நிற்கிறதோ அதுதான் வரும். எனக்கு வந்தது இது:

"சாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நீங்க படியில ஏறுறீங்க."



"எதைத் தெரிஞ்சுண்டு?" என்றார் ராகவன் சார்.

"உதிர்றது விஷம்னு. அதான் நீங்க லிஃப்டுல வர்றதில்ல."

"அடப்பாவி!" என்று கத்தினார். "எனக்கு சுகர்டா! டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். ஆத்துல என் பொண்ணு தினம் போனைப் பிடுங்கி எத்தனை படி ஏறினேன்னு பார்த்துண்டிருக்கா. இவன் என்னைக் கொலைகாரன்னு நெனச்சுண்டிருக்கான்!"

லாபி முழுக்கச் சிரித்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் ராகவன் சார் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"விஷம்னு சொன்னியே. எதை வெச்சு சொன்னே?"

இரண்டாவது முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. சொல்லக் கூடாததைச் சொல்லி அவமானப்பட்டாகிவிட்டது, இனி என்ன. கை அரிக்காததைச் சொன்னேன். ஈர மூட்டையைச் சொன்னேன். தோள்பைக்குள் போன மாஸ்க்கைச் சொன்னேன்.

"எனக்கு டஸ்ட் அலர்ஜி சார்" என்றான் தினேஷ்.

ராகவன் சார் அவன் பக்கம் திரும்பினார். "இரு. நீங்க சுரண்டறது மேல் மாடி உத்தரத்துல இருக்கறதைத்தானே? அது ஏசிக்குச் சுத்தினது இல்லையே. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ பழைய மேனேஜர் கூட்டிண்டு போய்ப் பெருமையாக் காட்டினார். தீப்பிடிச்சா இரும்பு வளைஞ்சுடும், வளையாம இருக்க மருந்து அடிச்சிருக்கோம்னார். மெட்ராஸ்ல இந்த மாதிரி எங்கேயும் இல்லைன்னார். அந்த மருந்துல என்ன இருக்கு?"

"எதுவா இருந்தாலும் சேஃப் சார். நான் கேரண்டி தர்றேன். லிஃப்டைப் போடச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு நம் வழக்கம் நினைவுக்கு வந்தது. தைரியத்தில் சொன்னதில்லை. பழக்கத்தில் வந்தது.

"நல்லது தம்பி" என்றேன். "எங்க வேலையில சரின்னு சொல்றவர்தான் முதல்ல ஏறணும். நான் மெயினைப் போடுறேன். ஃபேனையும் போடுறேன். நீங்க மாஸ்க் இல்லாம அக்கா ஸ்டூல்ல உக்காந்து, மேல வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. வந்து சரின்னு சொல்லுங்க. பூட்டை எடுத்துடுறேன்."

வாசலில் நின்ற அப்பாஸ் பாய் போனை மூடிவிட்டு வந்து லிஃப்ட் கதவைக் கையால் இழுத்துத் திறந்தார். உள்ளே ஸ்டெல்லாக்காவின் ஸ்டூல். அதன்மேல் அவர் தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட திண்டு.

"வா நைனா" என்றார் அப்பாஸ் பாய். "பஞ்சுதானே?"

தினேஷ் லிஃப்டைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கால் எடுத்து வைக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. என்னிடம் மட்டும் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்: "எனக்குக் கைக்குழந்தை இருக்குண்ணே."

எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

நான் ஸ்டெல்லாக்காவைப் பார்த்தேன். அவர் தினேஷின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசற்படியைத் தாண்டாமல் நின்ற அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகத் தலைக்குப் போனது, வழக்கமாக உதறுவதுபோல. பாதியில் நின்றுவிட்டது. உதறுவதா வேண்டாமா என்று தெரியாமல் கை அப்படியே தலைக்கு மேல் நின்றது. 

ராகவன் சார் சொன்னார்: "சாவி சேகர்ட்டயே இருக்கட்டும். மேல வேலையை நிறுத்துங்கோ."

அந்தப் பஞ்சைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பெஸ்டாஸ்தான். அதற்குப் பிறகு, இந்த வேலை தெரிந்த ஆட்கள் முழு உடுப்போடு வந்தார்கள். பிளாஸ்டிக் திரை கட்டி மூடி, நனைத்து நனைத்து எடுத்தார்கள். பெரியவர் அன்றைக்கு எப்படி இறங்கினார் என்று கேட்காதீர்கள். நாற்காலியோடு நானும் அப்பாஸ் பாயும் தூக்கி வந்தோம். வழியெல்லாம் அவர் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கினேன் என்று அப்பாஸ் பாயிடம் மறுநாள் சொன்னேன். அவர், "நானும்தான். பேத்தி ஓடியாந்துச்சு, தூக்கல" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயால் எதையும் ஊதி நான் பார்த்ததில்லை.

என் சந்தேகங்களில் ஒன்று தப்பு, ஒன்று சரி. ராகவன் சாரைப் பற்றி நினைத்தது தப்பு. அதனால் எனக்கு வந்த நஷ்டம் ஒரு லாபிச் சிரிப்பு. தினேஷைப் பற்றி நினைத்தது சரி. ஆனால் அவனும் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவன்தான். மாஸ்க் ஒன்றுதான் வாங்கிக்கொடுத்தார்களா, எல்லாருக்கும் வாங்கச் சொல்லிக் கொடுத்த பணத்தில் அவன் வாங்கவில்லையா, அது எனக்குத் தெரியாது. சாரத்தில் நின்ற பிள்ளைகள் அடுத்த வாரமே வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று கேட்டேன். கொட்டிவாக்கம் என்றார் ஒருவர், வடபழனி என்றார் இன்னொருவர். அவர்களைக் கூப்பிட்டு யாராவது விஷயத்தைச் சொன்னார்களா என்று கேட்டால் எல்லாரும் "சொல்லியிருப்பாங்க" என்றார்கள். 'சொல்லியிருப்பாங்க' என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை.

ஸ்டெல்லாக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். "அந்த 'இப்போதைக்கு'தான் சேகரு எனக்குப் பிடிக்கல" என்றார் அக்கா. எனக்கும் பிடிக்கவில்லை. வருஷா வருஷம் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும்தான்.

லிஃப்ட் மாதக்கணக்கில் நின்றது. அக்கா பயந்ததுபோலவே ஓனர் சொல்லிவிட்டார், திரும்ப ஓடும்போது ஆபரேட்டர் வேண்டாம் என்று. ராகவன் சார் அவரை ரிசப்ஷனில் ஒரு ஓரமாக உட்காரவைத்திருந்தார். எவ்வளவு நாளைக்கு என்று அவருக்கும் தெரியாது. அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பில்லை.

சுத்தம் செய்து, புது விசிறி மாட்டி, உள்ளே எல்லாம் சரிபார்த்து, லிஃப்டைத் திறக்கும் நாள் வந்தது. நானும் அப்பாஸ் பாயும்தான் வேலையை முடித்தோம். கதவைத் திறந்து வைத்துவிட்டு, "சரியாயிடுச்சு, போகலாம்" என்றேன். லாபியில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. இத்தனை நாள் படியேறி முட்டி வலித்தவர்கள்தான். கோச்சிங் கிளாஸ் பிள்ளைகள் கூரையை எட்டிப் பார்த்தார்கள். ஆடிட்டர் அலுவலகத்து அம்மா ஒருவர் ரிசப்ஷன் பக்கம் திரும்பி, "ஸ்டெல்லாக்கா ஏறட்டும். அவங்க உட்கார்ந்தா நாங்க வர்றோம்" என்றார். "ஆமாக்கா, நீங்க வாங்க" என்று பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஓனரும் அங்கேதான் நின்றார். ராகவன் சார் அவரைத் திரும்பிப் பார்த்தார்.  ஓனர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஸ்டெல்லாக்கா எழுந்து வந்தார். ஒரு கையில் ஸ்டூல், இன்னொரு கையில் அவருடைய கறுப்புக் குடை.

"சரின்னு யார் சொன்னது?" என்றார்.

"நான்தான்க்கா."

"அப்ப நீ முதல்ல ஏறு."

ஏறினேன். பின்னால் அவரும் ஏறி, ஸ்டூலை அதன் பழைய இடத்தில் போட்டார். உட்காரவில்லை. குடையை விரித்துத் தலைகீழாகத் திருப்பி, விசிறிக்கு நேர் கீழே ஏந்திப் பிடித்தார்.

"மேல வரைக்கும் போ" என்றார்.

கதவு மூடியது. மேலே போனோம். கீழே வந்தோம்.  கதவு திறந்ததும் அக்கா குடையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் சாய்த்து, கறுப்புத் துணியை மடிப்பு மடிப்பாக விரலால் நீவிப் பார்த்தார். கூட்டம் முழுக்கக் குடையைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லையேக்கா?" என்றார் அப்பாஸ் பாய்.

 அக்கா திரும்பவும் உள்ளே வந்து, குடையை ஏந்திக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை போ, சேகரு."

மேல் மாடிப் பொத்தானை அமுக்கினேன்.